பூமிக்கு விலாசம் எழுதியவர்

மறுசந்திப்பு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது, எதைப் பற்றி எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. ஹாஸ்டல் சாம்பார், கடைசி பெஞ்ச் கலாட்டா, பஸ் பாஸ் கதைகளை என்னைவிட நன்றாக எழுத நம் கூட்டத்தில் ஆட்கள் உண்டு. நான் சர்வே வேலையில் காலம் தள்ளுகிற சிவில்காரன். எனவே என் தொழிலுக்கு மூத்தவர் ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவர் இறந்து இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நம் ஊருக்கு அவர் செய்த காரியம் மட்டும் இன்றைக்கும் நம் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் இருக்கிறது. பெயர் வில்லியம் லாம்டன்.

முதலில் ஒரு சின்ன விஷயம். உங்கள் செல்போனை எடுத்து பேகம்பூர் பெரிய பள்ளிவாசல் பக்கம் நின்று மேப்பைத் திறந்து பாருங்கள். வடக்கே சுமார் 10 டிகிரி 21 நிமிடம், கிழக்கே சுமார் 77 டிகிரி 58 நிமிடம் என்று காட்டும். முதல் எண் அட்சரேகை: பூமியின் நடுக்கோட்டிலிருந்து நாம் எவ்வளவு வடக்கே இருக்கிறோம் என்பது. கிலோமீட்டரில் சொன்னால் ஏறக்குறைய 1,145. இரண்டாவது எண் தீர்க்கரேகை: இங்கிலாந்தில் உள்ள கிரீன்விச்சிலிருந்து எவ்வளவு கிழக்கே என்பது. இந்த இரண்டு எண்ணும் சேர்ந்தால் உலகத்தில் வேறு எந்த இடத்துக்கும் பொருந்தாத ஒரு விலாசம் கிடைத்துவிடுகிறது. தெரு பெயர் மாறலாம், கதவு எண் மாறலாம், இது மாறாது.

போன் காட்டுகிறது, நாமும் நம்புகிறோம். அந்த நம்பிக்கைக்கு அஸ்திவாரம் போட்ட கதைதான் லாம்டன் கதை.

ஸ்ரீரங்கப்பட்டணத்து இரவு

பேகம்பூர் என்ற பெயரே மைசூர் ராஜ்ஜியத்தின் ஞாபகம்தான். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் அடக்கமாகியிருக்கும் இடம் என்பதால் வந்த பெயர். ஹைதர் அலி 1755-லேயே திண்டுக்கல்லில் மைசூர் ராஜாவின் படைத்தலைவராக இருந்தவர். 1790-ல் மலைக்கோட்டை கம்பெனியார் கைக்குப் போனது. 1792 உடன்படிக்கையோடு திண்டுக்கல் சீமையே மைசூரிடமிருந்து பறிபோனது. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். அந்தக் கடைசிப் போரில் எதிர்த்தரப்புப் படையில் இருந்தவர்தான் லாம்டன்.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பக்கம் ஓர் எளிய விவசாயக் குடும்பம். பிறந்தது 1750-களில். கணக்கில் கெட்டிக்காரப் பையன் என்று பெயர். பட்டாளத்தில் சேர்ந்து அமெரிக்கா போனார். அங்கே போர் முடிந்ததும், இன்று கனடாவில் இருக்கும் நியூ பிரன்ஸ்விக்கில் படைமுகாம் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகத்தில் பல வருடம் உட்கார்ந்துவிட்டார். நம் பாஷையில் சொன்னால் பிரமோஷன் இல்லாத சீட். ஆனால் அந்த வருடங்களை அவர் வீணாக்கவில்லை. எல்லைக்கோடு அளக்கும் வேலை செய்தார். மீதி நேரமெல்லாம் கணிதமும் வானவியலும் படித்தார். சூரிய கிரகணம் ஒன்றைச் சரியான கண்ணாடி இல்லாமல் பார்த்ததில் இடது கண்ணின் பார்வை போய்விட்டது. பிற்காலத்தில் தென்னிந்தியா முழுவதையும் தூரக்கண்ணாடியில் பார்த்து அளந்த மனிதருக்கு ஒரு கண்தான் வேலை செய்தது என்பதை மாணவத் தம்பி தங்கைகள் கவனிக்க வேண்டும்.

1797 வாக்கில் இந்தியா வந்து சேர்ந்தார். அவருடைய 33-ஆவது ரெஜிமென்ட்டின் தலைவர், பிற்பாடு நெப்போலியனைத் தோற்கடித்துப் பேர் வாங்கிய ஆர்தர் வெல்லெஸ்லி. ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையின்போது ஓர் இரவு, ஜெனரல் பெய்ர்டு ஒரு படைப்பிரிவை இருட்டில் நடத்திக்கொண்டு போகிறார். கூடவே போன லாம்டன் தலையைத் தூக்கி வானத்தைப் பார்க்கிறார். நட்சத்திரங்கள் இருக்கவேண்டிய பக்கத்தில் இல்லை. தெற்கே போகவேண்டிய படை வடக்கே, நேராக எதிரி முகாமை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது! ஜெனரலிடம் சொன்னார். ஜெனரல் முதலில் நம்பவில்லை. நட்சத்திரம் பார்க்காமலே தனக்கு வழி தெரியும் என்று கடிந்துகொண்டதாகச் சொல்வார்கள். கடைசியில் வெளிச்சம் காட்டி திசைகாட்டியைப் பார்த்ததும் லாம்டன் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. படை திரும்பியது.

திசை தெரியாத படை என்ன ஆகும் என்று பார்த்துவிட்ட கம்பெனி அதிகாரிகளிடம், மொத்தத் தீபகற்பத்தையும் கணிதப்படி அளக்கவேண்டும் என்று லாம்டன் விண்ணப்பம் போட்டார். 1800-ல் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் அனுமதி கொடுத்தார். எல்லோரும் வரவேற்கவில்லை. செலவைப் பார்த்த நிதிக்குழு உறுப்பினர் ஒருவர், ஸ்ரீரங்கப்பட்டணம் போகவேண்டுமென்றால் பல்லக்குத் தூக்குபவரிடம் சொன்னால் போதுமே, அதற்கு எதற்கு இத்தனை பெரிய கணக்கு என்று கேட்டாராம். நியாயமான கேள்விதான்! போய்ச் சேருவதற்கு வழி தெரிந்தால் போதும். ஆனால் மேப் போடுவதற்கு, வரி போடுவதற்கு, எல்லை பிரிப்பதற்கு வழி தெரிந்தால் மட்டும் போதாது, இடம் தெரியவேண்டும். கம்பெனிக்குப் புதிதாகக் கிடைத்த நாட்டை ஆள்வதற்கு இந்த அளவை தேவைப்பட்டது என்பதையும் நாம் மறக்க வேண்டாம். லாம்டனுக்கோ அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. பூமி எவ்வளவு பெரியது, என்ன உருவம் என்று கண்டுபிடிக்கவேண்டும் என்பது அது.

57 நாள், ஏழரை மைல்

1802 ஏப்ரல் 10. சென்னை பரங்கிமலை அடிவாரத்தில் வேலை தொடங்கியது. அப்போது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. நம் மக்கள் ரிட்டயர்மென்ட் பலன்களைக் கணக்குப் போட ஆரம்பிக்கும் வயது.

முதல் காரியம், ஒரு நேர்கோட்டைப் பிசகில்லாமல் அளப்பது. இதற்கு பேஸ் லைன் என்று பெயர். நீளம் ஏழரை மைல். கையில் இருந்தது நூறடி எஃகுச் சங்கிலி. இந்தச் சங்கிலிக்கே ஒரு கதை உண்டு. சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாகக் கொண்டு போகப்பட்டு, அங்கே மதிப்பில்லாமல், சுற்றி வளைத்து கல்கத்தா வந்து லாம்டன் கைக்குக் கிடைத்தது.

சங்கிலியைத் தரையில் போட்டு இழுத்துவிடவில்லை. மரப்பெட்டிகளுக்குள் வைத்து, முக்காலிகள் மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, வெயில் படாமல் மறைத்து, பக்கத்திலேயே வெப்பமானி வைத்துக்கொண்டு அளந்தார். எதற்கு இந்தப் பாடு? எஃகு வெயிலில் நீளும். நூறடிச் சங்கிலி ஒரு டிகிரி பாரன்ஹீட் சூட்டுக்கு ஓர் அங்குலத்தில் நூறில் ஒரு பங்குகூட நீளாது. இதுக்கெல்லாம் கவலைப்படுவாங்களா என்று தோன்றும். ஆனால் அதே சங்கிலியை 400 முறை வைக்கவேண்டும். சென்னை ஏப்ரல் வெயிலில் 20 டிகிரி வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், ஏழரை மைலில் சுமார் 5 அடி தப்பு வந்துவிடும். அந்த 5 அடி, பின்னால் வரும் ஒவ்வொரு முக்கோணத்திலும் பெருகிக்கொண்டே போகும். ஆகவே 57 நாள் எடுத்துக்கொண்டார்.

பேஸ் லைன் முடிந்தபின் சங்கிலிக்கு ஓய்வு. இனி கோணம்தான். கோட்டின் இரண்டு முனையிலிருந்தும் தூரத்தில் ஒரு குன்றைப் பார்த்து இரண்டு கோணங்களை அளந்தால், முக்கோணத்தின் மற்ற இரண்டு பக்கமும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு பேஸ் லைன். இப்படியே குன்றுக்குக் குன்று தாவிப் போகலாம். நாம் முதல் வருடத்தில் மனப்பாடம் செய்த சைன் ரூல்தான்! நடுவில் ஆறு இருந்தாலும், காடு இருந்தாலும் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

கோணம் அளக்க லண்டனில் செய்த தியோடலைட். எடை அரை டன். அதை ஏற்றி வந்த கப்பலை வழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரீஷியஸுக்குக் கொண்டு போய்விட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்து, விஞ்ஞானக் கருவி என்று தெரிந்ததும் அங்கிருந்த பிரெஞ்சு கவர்னர் பத்திரமாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார். அன்றைக்குச் சண்டைக்காரர்களிடமும் இந்தப் பெருந்தன்மை இருந்தது.

இழுத்துப் பார்த்த பூட்டு

இனி வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முக்கோணங்கள் சென்னையிலிருந்து மேற்கே போய் பெங்களூரை எட்டின. பெங்களூர் பக்கம் ஒரு கோட்டின் நீளம் எவ்வளவு என்று கணக்கு சொல்லிவிட்டது. வேலை முடிந்தது என்று மேலே போயிருக்கலாம். லாம்டன் போகவில்லை. 1804-ல் அங்கே மறுபடியும் சங்கிலியை இறக்கி, அந்தக் கோட்டையும் தரையில் அளக்கச் செய்தார். ஏழு மைலுக்கு மேற்பட்ட நீளம். கணக்குக்கும் தரைக்கும் வித்தியாசம் 3.7 அங்குலம்! சென்னைக்கும் பெங்களூருக்கும் நேர்க்கோட்டில் சுமார் 290 கிலோமீட்டர். இத்தனை தூரம் குன்று குன்றாகத் தாவி வந்த பிறகு, தப்பு ஒரு சாண் நீளம்கூட இல்லை.

நாம் திண்டுக்கல்காரர்கள். பூட்டு நம் ஊர்த் தொழில். கதவைப் பூட்டினால் சாவியை எடுத்துக்கொண்டு அப்படியே போகமாட்டோம். பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்போம். பெங்களூரில் லாம்டன் செய்தது அதுதான். பூட்டை இழுத்துப் பார்த்தார். அளப்பது யாருக்கும் வரும். அளந்ததைத் தானே சந்தேகப்பட்டு, வேறு வழியில் மறுபடி அளந்து பார்ப்பதற்குத்தான் மனசு வேண்டும். கேம்ப்பில் ட்ராவர்ஸ் மூடாமல் போனால், ராத்திரி ஹாலில் உட்கார்ந்து ரீடிங்கைச் சமைத்துச் சரிக்கட்டுகிற பாட்ச்கள் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. அவர்களுக்காகவும் இதைச் சொல்லி வைக்கிறேன்.

முக்கோணங்கள் மங்களூர்க் கடற்கரையைத் தொட்டபோது ஓர் அதிர்ச்சி காத்திருந்தது. கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் நடுவே 400 மைல் என்று அதுவரை மேப்கள் காட்டின. உண்மையில் சுமார் 360 மைல்தான். நாற்பது மைல் நிலம் காகிதத்தில் மட்டும் இருந்திருக்கிறது!

தஞ்சாவூர் விபத்து

பெங்களூர்ப் பக்கத்திலிருந்து 78 டிகிரி தீர்க்கரேகையை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு நீண்ட முக்கோணச் சங்கிலியை ஓட்ட லாம்டன் முடிவு செய்தார். பெரிய வில் என்று இதற்குப் பெயர் வந்தது. பூமி சரியான உருண்டை அல்ல, துருவத்தில் கொஞ்சம் தட்டை. அதனால் ஒரு டிகிரி அட்சரேகையின் நீளம் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. நம் பக்கம் சுமார் 110.6 கிலோமீட்டர், துருவத்தின் அருகே சுமார் 111.7. வெயில் நாட்டில் ஒரு டிகிரி எவ்வளவு என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் பூமியின் உருவம் தெரியும். தலைக்கு மேலே வரும் நட்சத்திரங்களைத் தனிக்கருவியால் பார்த்து அட்சரேகை கண்டார். முக்கோணங்களால் தூரம் கண்டார். இரண்டையும் வகுத்தால் விடை.

நடுவே, காவிரிச் சமவெளியில் ஒரு கஷ்டம். அங்கே குன்று ஏது? கோயில் கோபுரங்கள்தான் குன்று. 1808-ல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே அரை டன் தியோடலைட்டைக் கயிறு கட்டி ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி கோயில் சுவரில் மோதி, கோணம் காட்டும் பெரிய வட்டம் நசுங்கி உருமாறிப் போனது. தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த நிமிடம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். இன்னொன்று வாங்கவேண்டுமென்றால் லண்டனுக்கு எழுதிப் போடவேண்டும். வந்து சேர வருடங்கள் ஆகும்.

லாம்டன் யாரையும் திட்டியதாகத் தகவல் இல்லை. கூடாரத்துக்குள் கருவியோடு போய் அடைந்துகொண்டார். ஆப்பு, திருகு, கப்பி இவற்றை வைத்து, தினம் மயிரிழை மயிரிழையாக அந்த வட்டத்தை இழுத்து இழுத்து நேராக்கினார். ஆறு வாரம். வெளியே வந்தபோது தியோடலைட் வேலைக்குத் தயார். அதன் பிறகும் பல வருடங்கள் அது உழைத்தது. தெற்கே போய், 1809-ல் கன்னியாகுமரி அருகே வில்லின் தெற்கு முனையை எட்டினார்கள்.

கருவியைத் தூக்கிய கைகளையும் சொல்லவேண்டும். மலை மேல் கொடி பிடித்தவர்கள், பாதை வெட்டியவர்கள், பெட்டி சுமந்தவர்கள், ராத்திரி விளக்கு காட்டியவர்கள் எல்லாம் நம் ஊர் ஆட்கள். காய்ச்சலில் எத்தனையோ பேர் காட்டிலேயே மாண்டார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. உதவியாளர்களில் ஒருவர் ஜோஷுவா டி பென்னிங். சென்னையில் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளிக்கூடத்தில் பயின்ற ஆங்கிலோ-இந்தியர். அந்தப் பள்ளிக்கூடம்தான் வளர்ந்து வளர்ந்து இன்றைய கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. ஆக, நாம் படித்த சிவில் படிப்புக்கே இந்த நாட்டில் முதல் விதை சர்வேதான். பக்கத்துக் கிளையில் படித்த நண்பர்கள் மன்னிக்கவும்!

நம் ஊரும் 78-ஆம் கோடும்

இப்போது பேகம்பூருக்கு வருவோம். 77 டிகிரி 58 நிமிடம் என்று பார்த்தோம் அல்லவா? 78 ஆவதற்கு இரண்டு நிமிடம்தான் பாக்கி. நம் அட்சரேகையில் ஒரு கோண நிமிடம் கிழக்கு மேற்காக 1.8 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அதாவது லாம்டன் ஒட்டிப் போன அந்த 78-ஆம் கோடு, பேகம்பூரிலிருந்து கிழக்கே சைக்கிளில் போய்விட்டு வரும் தூரத்தில் ஓடுகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அட்சரேகையை நட்சத்திரம் பார்த்துச் சொல்லிவிடலாம். தீர்க்கரேகை அப்படியல்ல, அது நேரக் கணக்கு. பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி சுற்றுகிறது. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். இங்கே உச்சிப்பொழுது ஆகும்போது கிரீன்விச்சில் மணி என்ன என்று தெரிந்தால் தீர்க்கரேகை தெரியும். தந்தி இல்லாத காலத்தில் அதை எப்படித் தெரிந்துகொள்வது? 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்ட வானாய்வுக்கூடத்தில் வியாழனின் துணைக்கோள்கள் மறைவதைப் பார்த்துக் கணக்கிட்டார்கள். அந்த ஆய்வுக்கூடத்தின் கருங்கல் தூண் இன்னும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. இந்திய மேப்களின் தீர்க்கரேகைக்கெல்லாம் அதுதான் முளைக்குச்சி.

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தந்திக் கம்பி வழியாக நேரத்தை ஒப்பிட்டுப் பார்த்தபோது, முளைக்குச்சியே கொஞ்சம் தள்ளி அடிக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. சுமார் இரண்டரை கோண நிமிடம், நான்கு கிலோமீட்டருக்கு மேல். முக்கோணங்கள் சரி, தூரங்கள் சரி. மொத்த மேப்பும் அப்படியே மேற்கே நகரவேண்டியிருந்தது. இவ்வளவைக் கழித்துக்கொள்ளவும் என்று மேப்பின் ஓரத்திலேயே குறிப்பு அச்சிட்டார்கள். கழிப்பதற்கு முந்தைய கணக்கில் பார்த்தால், 78-ஆம் கோடு நம் திண்டுக்கல் ஊர் நடுவிலேயே போகும்! ஊர் அசையவில்லை. எண் அசைந்தது.

தீர்க்கரேகை நேரம்தான் என்பதற்கு நம் வீட்டுச் சுவரிலேயே சாட்சி உண்டு. 1906 முதல் இந்தியாவுக்குப் பொது நேரம் 82 டிகிரி 30 நிமிடக் கோட்டை வைத்து. அதிலிருந்து நாம் நாலரை டிகிரி மேற்கே. நாலரை நாலு பதினெட்டு. ஆகவே நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது சராசரியாக 12 மணி 18 நிமிடத்துக்கு. சென்னைக்கும் நமக்கும் இரண்டேகால் டிகிரி, 9 நிமிடம். சென்னைக்குப் போட்ட தொழுகை நேர அட்டவணையில் வெளியூர்களுக்கு இத்தனை நிமிடம் கூட்டிக்கொள்ளவும் என்று போட்டிருப்பது இதனால்தான். பேகம்பூர்ப் பெரியவர்கள் தீர்க்கரேகை என்ற சொல்லைச் சொல்லாமலே தினமும் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டுதான் தொழுகைக்குப் போகிறார்கள்.

எண்ணை நம்பி நிலத்தில் இறங்கினால்

இதெல்லாம் பழங்கதைதானே, இப்பதான் ஜி.பி.எஸ். வந்தாச்சே என்று தம்பிகள் கேட்கலாம். இந்தியாவே நாவிக் என்று சொந்தமாகச் செயற்கைக்கோள் வரிசை அனுப்பியிருக்கிறது; முதல் வரிசையின் கடைசிக் கோள் 2016-ல் போனது. எல்லாம் சரி. ஆனால் கேளுங்கள்.

லாம்டனின் அளவுகளையும் தன் அளவுகளையும் வைத்து, அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830-ல் பூமிக்கு ஓர் உருவக் கணக்கு போட்டார். நம் பழைய டோபோ ஷீட்கள் எல்லாம் அந்த எவரெஸ்ட் கணக்கில் வரைந்தவை. ஜி.பி.எஸ். பயன்படுத்துவது டபிள்யூ.ஜி.எஸ். 84 என்ற வேறு கணக்கு. பொதுமக்களுக்கான சர்வே ஆப் இந்தியா மேப்கள் அந்தக் கணக்குக்கு மாறியது 2005-ஆம் வருட தேசிய மேப் கொள்கைக்குப் பிறகுதான். ஒரே எண்ணை இரண்டு கணக்கிலும் போட்டால், நம் பகுதியில் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இரண்டு வெவ்வேறு இடத்தில் போய் நிற்பீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு குழாய்ப் பாதை வேலைக்கு, அமைக்கப்போகும் பாதையைக் களத்தில் குறித்துக் கொடுக்கும் குழுவில் இருந்தேன். ஒரு கன்சல்டன்சி தயாரித்த வரைபடம் எங்களுக்கு வந்திருந்தது. பழைய டோபோ ஷீட்டிலிருந்து எண்களை எடுத்து, கணக்கை மாற்றாமலே ஜி.பி.எஸ். எண் மாதிரி போட்டுக் கொடுத்திருந்தார்கள். புறம்போக்கு ஓரமாகப் போகவேண்டிய பாதை, ஒரு சம்சாரியின் கிணற்றுக்கு நேர் மேலே போனது. கணவனும் மனைவியும் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒண்ணும் பேசவில்லை. இருந்தது ஒன்றரை ஏக்கர். கிணறு போனால் மீதியும் போன மாதிரிதான். எங்களோடு இருந்த ஓய்வு பெற்ற சர்வேயர் ஒருவர்தான், அய்யா, எதையும் அடிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துக் கரட்டு மேல இருக்கிற சர்வே கல்லைப் போய் ஒருவாட்டி புடிச்சுப் பார்த்துடுவோம் என்றார். ஏறினோம். கல் வரைபடத்தில் இருக்கவேண்டிய இடத்துக்கும் மெஷின் காட்டிய இடத்துக்கும் நூறு மீட்டருக்கு மேல் வித்தியாசம். இரண்டு நாள் வேலை நின்றது, கணக்கு திருத்தப்பட்டது, பாதை புறம்போக்குக்குத் திரும்பியது. கிணறு தப்பியது.

மெஷின் பொய் சொல்லவில்லை. வரைபடமும் அதன் கணக்குப்படி பொய் சொல்லவில்லை. எந்தக் கணக்கு என்று கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அந்தப் பெரியவர் லாம்டன் பேரைக் கேள்விப்பட்டிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் செய்தது லாம்டன் பெங்களூரில் செய்த அதே காரியம். பூட்டை இழுத்துப் பார்த்தார்.

ஹிங்கன்காட்

லாம்டனின் கடைசி வருடங்கள் ஹைதராபாத் பக்கம் கழிந்தன. 1818-ல் அவருடைய அளவை சென்னை அரசிடமிருந்து கல்கத்தா தலைமையின் கீழ் மாறி, மகா திரிகோண அளவை என்ற பெயர் பெற்றது. ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. அந்த நேரத்தில் பெரிய வில் குமரி முனையருகே 8 டிகிரியிலிருந்து 18 டிகிரி வரை நீண்டுவிட்டது. முக்கோணங்களால் அவர் போர்த்திய நிலம் ஒன்றரை லட்சம் சதுர மைலுக்கும் மேல். இந்த முக்கோணங்களைச் சட்டமாக வைத்துத்தான் மற்றவர்கள் ஊர், ஆறு, ஏரி என்று நிரப்பினார்கள். நம் பழனி மலைகளுக்கு 1821-ல் ஏறி அளந்த லெப்டினன்ட் வார்டும் அப்படி வந்தவர்தான். கோடைக்கானல் பக்கம் போன முதல் ஐரோப்பியர் என்று அவரைச் சொல்வார்கள்.

எழுபது வயதை ஒட்டி, உடம்பு தளர்ந்த நிலையிலும், நாகபுரியை நோக்கி முகாமை நகர்த்திக்கொண்டு போனார். வழியில், இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள ஹிங்கன்காட்டில் 1823 ஜனவரியில் இறந்தார். அங்கேயே அடக்கம். ஆபீசில் உட்கார்ந்து சாகவில்லை; வேலை நடக்கும் பாதையில் இறந்தார்.

எவரெஸ்ட் வேலையைத் தொடர்ந்து இமயமலை அடிவாரம் வரை வில்லைக் கொண்டுபோய் 1841-ல் முடித்தார். மொத்தம் சுமார் 2,400 கிலோமீட்டர். உலகின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 1865-ல் எவரெஸ்ட் பெயரை வைத்தார்கள். அந்த உயரத்தைக் கணக்கிட்ட வங்காளி ராதாநாத் சிக்தாருக்கும் சிகரம் இல்லை. முதல் சங்கிலியைப் போட்ட லாம்டனுக்கும் சிகரம் இல்லை. தொடங்கிய இடமான பரங்கிமலை மேலே லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை மட்டும் உண்டு. சென்னைப் பக்கம் வேலையில் இருக்கும் நம் நண்பர்கள் விமானம் ஏறப் போகும் வழியில் ஒருமுறை மலைக்கு ஏறிப் பாருங்கள். விமானம் ஓடுகிற அந்தச் சமவெளிப் பக்கம்தான் 57 நாள் சங்கிலி பிடித்தார்கள்.

மாணவத் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் கையில் இருக்கும் போன் ஐந்து தசம ஸ்தானம் வரை எண் காட்டும். ஐந்தாவது ஸ்தானம் என்றால் சுமார் ஒரு மீட்டர். அத்தனை எண் காட்டுகிறது என்பதால் அத்தனையும் உண்மை என்று அர்த்தம் இல்லை. எந்தக் கணக்கில் வந்தது, எந்தக் கல்லோடு ஒத்துப்பார்த்தது என்று கேளுங்கள். நாளைக்கு நீங்கள் போடும் கோடு யாரோ ஒருவர் வீட்டுத் திண்ணை வழியாக, யாரோ ஒருவர் கிணற்று வழியாகப் போகும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை இழுத்துப் பாருங்கள். திண்டுக்கல்லில் படித்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.



— முன்னாள் மாணவன், சிவில் பிரிவு, பேகம்பூர்